வெற்றுத் தட்டும் வேக எண்ணும்

கூடுதலான எண் பொறித்த பொருளே சிறந்த பொருள் என்று எண்ணுவது மக்கள் இயல்பு. விளக்கு வாங்கினாலும் சரி, விசிறி வாங்கினாலும் சரி, உறையின் மேல் பெரிய எண் எதுவோ அதையே கை முதலில் எடுக்கிறது. நாமும் இவ்வியல்புக்கு விலக்கானவரல்லோம். இதனால் நமக்கு நேர்ந்த ஒரு நஷ்டத்தையும், அந்நஷ்டத்தின் பின்னர் நாம் கற்றுக்கொண்ட சில விஷயங்களையும் வாசகர்களுக்கு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும். பழைய கணினியையும் பழைய டிவிடி ரைட்டரையும் வைத்துக்கொண்டு, கலியாணக் காட்சிகளையும் பள்ளிக்கூட விழாக்களையும் பெற்றோர் குரலையும் தட்டுகளிற் பதிந்து வைத்திருப்போர் தோட்டங்களிலும் பட்டணங்களிலும் இன்னும் பலர் உளர். அவர்களுக்கு இது சிறிதேனும் பயன்படுமாயின், நமது நஷ்டம் முழு நஷ்டமாகாது.

நாம் பேராக் மாநிலத்தில், தெலுக் இந்தானுக்கு அப்பாலுள்ள ஒரு செம்பனைத் தோட்டத்திற் கிராணியாக வேலை பார்த்து வருகிறோம். 2013-ஆம் ஆண்டில், எங்கள் தோட்டத்துப் பழைய லயங்களை இடிக்கப் போவதாகவும், குடியிருப்போர் அவ்வாண்டு முடிவதற்குள் வேறிடம் பார்த்துக்கொள்ள வேண்டுமென்றும் உத்தரவு வந்தது. மூன்று தலைமுறையாக ஒரே இடத்தில் வாழ்ந்த குடும்பங்கள் நாலா திசைகளுக்கும் பிரியப் போகின்றன; அவற்றிலுள்ள முதியவர்கள் போனால், அவர்கள் கண்டதும் கேட்டதும் அவர்களோடு போய்விடும். ஆகவே ஒரு நண்பரிடம் காமிரா இரவல் வாங்கி, ஞாயிற்றுக்கிழமைதோறும் லயம் லயமாகச் சென்று, பதினொரு முதியவர்களின் பேச்சைப் பதிந்தோம். அப்பொழுது நமக்கு வயது இருபத்தைந்து. செய்கிற காரியத்தில் ஆர்வம் மிகுதி; செய்கிற முறையில் நிதானம் குறைவு.

அப்பதினொருவரில் மூன்றாவது லயத்துப் பெரியம்மாவும் ஒருவர். எண்பது வயதைக் கடந்தவர். தோட்டம் செம்பனைக்கு மாறுவதற்கு முன் நெடுங்காலம் பால்மரம் வெட்டியவர். "கத்தியை மரத்துக்கு மரம் ஒரே மாதிரி வைக்கக் கூடாது, தம்பி. மேலாக வெட்டினால் பால் வராது. ஆழமாக வெட்டினால் மரம் காயப்பட்டுப் போகும். மரத்தைப் பார்த்துத்தான் கத்தி வைக்க வேண்டும்" என்று கையை அசைத்துக் காட்டினார். ஏறக்குறைய அரைமணி நேரம் வேலையைப் பற்றியே பேசினார். பின்னர்ச் சற்று நேரம் மௌனமாயிருந்து, இளவயதிலேயே இறந்துபோன தம் மகளைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். அம்மகள் விட்டுச் சென்ற கைக்குழந்தையைப் பெரியம்மாவே வளர்த்து ஆளாக்கினார். அப்பெண் அப்பொழுது கிள்ளானில் ஒரு தொழிற்சாலையில் வேலையாயிருந்தாள். அவளுடைய தாயின் குணம், நடை, சிரிப்பு, கடைசி நாட்கள் ஆகிய எல்லாவற்றையும் பெரியம்மா காமிராவின் முன் சொல்லிவிட்டு, "இதைப் பேத்திக்குக் கொடுங்கள், ஐயா. நேரிற் சொல்ல எனக்கு வாய் வருவதில்லை" என்று கேட்டுக்கொண்டார்.

நிற்க. நம்மிடமிருந்த கணினி 2004-ஆம் ஆண்டிலே காரியாலயத்துக்கு வாங்கப்பட்டு, பின்னர்க் கழிக்கப்பட்டு, நம் கைக்கு வந்தது. அதன் வன்தட்டு நாற்பது கிகாபைட்டே. அதிலிருந்த டிவிடி ரைட்டர் நான்கு மடங்கு வேகத்தில் எழுதுவது. காமிராவின் நினைவட்டையிலும் இடம் போதாமையால், ஒவ்வொரு ஞாயிறும் பதிந்ததைக் கணினிக்கு மாற்றுவோம், அட்டையை அழிப்போம், ஒருவர் பேச்சுக்கு ஒரு தட்டு என்று டிவிடியில் எழுதுவோம், வன்தட்டிலிருந்தும் அழித்துவிடுவோம்.

வெற்றுத் தட்டு வாங்கப் பட்டணத்துக் கடைக்குச் சென்றபோது இரண்டு அடுக்குகள் இருந்தன. ஒன்றில் 8 என்றும் மற்றொன்றில் 16 என்றும் வேகம் அச்சிட்டிருந்தது. விலையிற் பெரிய வேற்றுமையில்லை. நாம் ஆங்கிலத்தின் வழியே கல்வி கற்றவர். உறையின் மேலுள்ள ஒவ்வொரு சொல்லையும் படிக்க வல்லோம். ஆனால் அச்சொற்களின் கருத்து யாதென ஒரு கணமும் விசாரித்தோமில்லை. எட்டைவிடப் பதினாறு பெரிது என்று கணக்கிட்டு, அதனையே வாங்கி வந்தோம். இக்கணக்குக்கு ஆங்கிலக் கல்வி தேவையில்லை என்பதை இப்பொழுது வெட்கத்தோடு ஒப்புக்கொள்ளுகிறோம்.

ஒவ்வொரு தட்டும் எழுதி முடிய ஏறக்குறைய கால்மணி நேரம் ஆயிற்று. முடிவில் "வெற்றிகரமாக முடிந்தது" என்று திரையிலே செய்தி வரும். எழுதியதைத் திரும்பப் படித்துச் சரிபார்க்கவும் அம்மென்பொருளில் வசதியுண்டு. அதனால் நேரம் இரட்டிப்பாகும் என்று அதனை விலக்கி வைத்தோம்.

2014-ஆம் ஆண்டு மாசி மாதத்திற் பெரியம்மா காலமானார். கருமாதி முடிந்த மறுநாள் பேத்தி நம்மிடம் வந்து, "அண்ணா, பாட்டி ஏதோ பேசிப் பதிந்திருப்பதாகச் சொன்னார்களே" என்றாள். தட்டை எடுத்துப் போட்டோம். பெரியம்மாவின் முகம் வந்தது, குரல் வந்தது, பால்மரமும் கத்தியும் வந்தன. மௌனமாயிருந்த இடத்துக்குச் சற்று முன் படம் கட்டங்கட்டமாகச் சிதறி நின்றுவிட்டது. கருவி மட்டும் உள்ளே முனகிக்கொண்டிருந்தது. வேறு மூன்று கருவிகளிற் போட்டுப் பார்த்தோம், பயனில்லை. அன்றிரவே மற்றைத் தட்டுகளையும் சோதித்தோம். அவற்றில் நான்கு இவ்வாறே பழுதாயிருந்தன. மூலப்பதிவோ அட்டையிலும் இல்லை, வன்தட்டிலும் இல்லை.

பட்டணத்திற் கணினி பழுதுபார்க்கும் ஒரு சீனப் பெரியவரிடம் தட்டையும் கணினியையும் கொண்டு சென்றோம். அவர் இரண்டையும் பார்த்துவிட்டு, "உங்கள் கருவிக்கு இந்தத் தட்டைத் தெரியாது" என்று மலாய் மொழியிற் கூறினார். அவர் விளக்கியவற்றையும், பின்னர் நாம் படித்தறிந்தவற்றையும் சுருக்கமாகக் கூறுவோம்.

முதலாவது, மடங்கு என்பதன் பொருள். டிவிடியில் ஒரு மடங்கு வேகமாவது வினாடிக்குச் சுமார் 1,385 கிலோபைட்டு எழுதுவது. சிடி தட்டின் ஒரு மடங்கோ 150 கிலோபைட்டே. ஆதலால் இவ்விரண்டின் எண்களையும் ஒப்பிடுதல் தவறு. 4.7 கிகாபைட்டு கொள்ளும் ஒரு டிவிடி முழுவதையும் எழுத ஒரு மடங்கில் ஏறக்குறைய 57 நிமிஷமும், நான்கு மடங்கிற் சுமார் 15 நிமிஷமும் ஆகும். தட்டின் மேலுள்ள எண் அத்தட்டுத் தாங்கக்கூடிய மேல் வரம்பு. கருவியின் எண் அக்கருவி எழுதக்கூடிய மேல் வரம்பு. இரண்டிற் சிறியது எதுவோ அதுவே நடக்கும். ஆகவே பதினாறு மடங்குத் தட்டை நான்கு மடங்குக் கருவியில் இடுவதால் ஒரு நிமிஷமும் மிச்சமாகாது.

இலாபமில்லையென்றால் நஷ்டம் எங்ஙனம் வந்தது? அஃது இரண்டாவது விஷயம். டிவிடி தட்டு என்பது 0.6 மில்லிமீட்டர் கனமுள்ள இரண்டு பிளாஸ்டிக் தகடுகளை ஒட்டிச் செய்தது. அவற்றிற்கிடையே ஒரு சாயப் பூச்சுண்டு. கருவியிலிருந்து வரும் சிவப்பு லேசர் ஒளி அச்சாயத்தைச் சுட்டு அடையாளமிடுகிறது. எவ்வளவு வலிவாகச் சுடுவது, எவ்வளவு நேரம் சுடுவது என்பது சாயத்துக்குச் சாயம் வேறுபடும். வேகமாக எழுதுவதற்கென்று செய்த தட்டிலுள்ள சாயம் மிகக் குறுகிய நேரத்தில் மாறத்தக்கதாய் அமைக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு வெற்றுத் தட்டிலும் அதனைச் செய்தவரின் குறியீடு முன்னரே பதிந்திருக்கிறது. கருவி அக்குறியீட்டைப் படித்து, தன் உள்மென்பொருளிலுள்ள அட்டவணையைப் பார்த்து, இத்தட்டுக்கு இம்முறை என்று தெரிந்தெடுக்கிறது. தட்டின் உட்புறத்தே ஒரு சிறு பகுதியிற் சுட்டுப் பார்த்து அளவைத் திருத்திக்கொள்ளவும் செய்கிறது. ஆனால் கருவி பிறந்த பிறகு வந்த தட்டின் பெயர் அதன் அட்டவணையில் எப்படி இருக்கும்? பெயர் இல்லாதபோது சில கருவிகள் எழுத மறுத்துவிடும். சில கருவிகள் பொதுவான ஒரு முறையைக் கையாண்டு, ஒருவாறு எழுதி முடிக்கும். அவ்வெழுத்துக் கொஞ்ச நாள் படிக்கப்படும், பின்னர் மங்கும். தட்டு உள்ளிருந்து வெளிப்புறமாக எழுதப்படுவதாலும், வெளி விளிம்பிற் குறைகள் மிகுவதாலும், பெரும்பாலும் கடைசிப் பகுதியே முதலிற் கெடும்.

இதைக் கேட்டபோது பெரியம்மாவின் சொல் நம் செவியில் ஒலித்தது. மரத்தைப் பார்த்துக் கத்தி வைக்க வேண்டும் என்று அவர் நம் எதிரிலே சொன்னார். அதை நாமே பதிந்தோம். பதிந்த அதே தட்டில் மரத்தைப் பாராமற் கத்தி வைத்தோம்.

மூன்றாவது, எச்சரிக்கைகள் சில. 2002, 2003-ஆம் ஆண்டுகளில் நான்கு மடங்குத் தட்டுகள் வரத் தொடங்கியபோது, அதற்கு முந்திய சில கருவிகளில் உள்மென்பொருளைப் புதுப்பிக்காமல் அவற்றை இட்டாற் கருவியே பழுதாகக்கூடும் என்று உற்பத்தியாளரே அறிவிக்க நேர்ந்தது. ஆதலின் மிகப் பழைய கருவி வைத்திருப்போர் உள்மென்பொருளைப் புதுப்பித்த பின்னரே புதுத் தட்டை உள்ளே விடல் வேண்டும். அழித்தழித்து எழுதும் தட்டுகளில் இன்னுமொரு சங்கடம் உண்டு. அவற்றிற்கு மேல் வரம்போடு கீழ் வரம்பும் உண்டு. எட்டு மடங்கு பிளஸ் ஆர்டபிள்யூ தட்டில் நான்கு மடங்குக் காலத்துக் கருவி எழுத மாட்டாது. மேலும் 1997-இல் வந்த மைனஸ் ஆர் இனமும் 2002-இல் வந்த பிளஸ் ஆர் இனமும் வெவ்வேறானவை. தொடக்க காலக் கருவிகள் பல இவற்றில் ஒன்றையே ஏற்கும். கணினியும் கருவிக்கு ஈடுகொடுக்க வேண்டும். நான்கு மடங்கு வேகத்துக்கு வினாடிக்கு 5.5 மெகாபைட்டு இடைவிடாது வரவேண்டுமாதலால், எழுதும்போது மற்ற வேலைகளை நிறுத்திவிடுதல் நலம். பழைய முதல் தலைமுறை யுஎஸ்பி இணைப்பின் வழியே இவ்வளவும் வந்து சேராது.

இனி, செய்யத்தக்கது யாது? நான்கு மடங்குக் கருவிக்கு, அதன் காலத்தை ஒட்டிய எட்டு மடங்குத் தட்டுக் கிடைக்குமாயின் அதுவே ஏற்றது. நல்ல தட்டுக்குப் பெயர்பெற்ற ஜப்பானிய தாயோ யூடென் நிறுவனம் 2015-ஆம் ஆண்டோடு இத்தொழிலை விட்டுவிட்டமையால், தேடித்தான் வாங்க வேண்டும். பதினாறு மடங்குத் தட்டே கிடைத்தால், முதலில் ஒன்றிரண்டைச் சோதனையாக எழுதிப் பார்த்தல் வேண்டும். மெதுவாக எழுதினால் நன்றாயிருக்கும் என்று ஒரு மடங்குக்கு இறக்குவதும் எப்பொழுதும் சரியாகாது. வேகத் தட்டின் சாயம் அவ்வளவு மெதுவான சூட்டுக்கென்று அமைந்ததன்று. தட்டை விளிம்புவரை நிரப்பாமற் சிறிது இடம் விடுதல் நன்று. எழுதியபின் சரிபார்த்தல் கட்டாயம். பின்னர் யார் வீட்டுக் கருவியில் ஓடவேண்டுமோ அதிலே போட்டுப் பார்த்தல் வேண்டும். இவையெல்லாம் முடிந்தாலும் மூலத்தை அழிக்கலாகாது. வேறோர் இடத்தில் இன்னொரு பிரதி இருத்தல் வேண்டும். எழுதிய தட்டுகளை வெயிலும் ஈரமும் படாமல் உறையில் நிறுத்தி வைக்க வேண்டும். நமது நாட்டு வெப்பத்தில் இது மிக அவசியம்.

பெரட்டில் ஆளைக் கூப்பிட்டுப் பேர் பதிகிறோம். பதிந்த புத்தகத்தை மாலையில் ஒருமுறை வாசித்துப் பாராத கிராணியை எந்தத் துரையும் மன்னிப்பதில்லை; ஒரு பேர் விட்டுப்போனால் ஓர் ஏழையின் ஒரு நாட்கூலி போய்விடும். அந்தக் கவனத்தை நாம் சம்பளத்துக்குச் செய்யும் வேலையிற் காட்டினோம். விரும்பிச் செய்த வேலையிற் காட்டினோமில்லை. "வெற்றிகரமாக முடிந்தது" என்ற செய்திக்கு, அனுப்பியதெல்லாம் போய்விட்டது என்பதே பொருள். போய்ச் சேர்ந்ததா என்பது திரும்பப் படித்தாலன்றித் தெரியாது.

கெடாதிருந்த ஆறு தட்டுகளையும், கெட்டவற்றில் மீண்ட பகுதிகளையும் அவ்வாண்டே எட்டு மடங்குத் தட்டுகளில் மறுபடி எழுதி, வேறொரு வன்தட்டிலும் வைத்தோம். 2023-ஆம் ஆண்டில் எல்லாவற்றையும் போட்டுப் பார்த்தோம், நன்றாகவே ஓடின.

பெரியம்மாவின் பிற்பாதி மட்டும் மீளவில்லை. நாம் எதிரில் அமர்ந்து கேட்டவராதலால், நினைவில் நின்றவற்றை நான்கு பக்கம் எழுதி, முற்பாதித் தட்டோடு பேத்தியிடம் கொடுத்து, நடந்ததை மறைக்காமற் சொன்னோம். அவள் நின்றபடியே நான்கு பக்கத்தையும் வாசித்தாள். கோபிக்கவில்லை. "அண்ணா, இது நீங்கள் சொல்லுவது, பாட்டி சொல்லுவதல்லவே" என்று மட்டும் கூறி, தாளை மடித்து வைத்துக்கொண்டாள்.

அன்பர்களே, உங்கள் வீட்டு அலமாரியிலும் இத்தகைய தட்டுகள் இருக்கக்கூடும். இந்த ஞாயிற்றுக்கிழமையே எடுத்து, முதலிலிருந்து கடைசிவரை ஓடவிட்டுப் பாருங்கள். பாதியிலே நிறுத்திவிடாதீர்கள்.