கதிரையும் நாற்காலியும்

கடந்த ஆகஸ்ட் விடுமுறையில் இலண்டனிலிருந்து பதினான்கு பிள்ளைகள் மட்டக்களப்புக்கு வந்திருந்தார்கள். சனிக்கிழமைகளில் நடைபெறும் தமிழ்ப் பாடசாலையொன்றின் மேல்வகுப்பு மாணவர்கள். பத்திரிகைத் தொழிலிலேயே தலை நரைத்தவன் என்பதால் ஊர் காட்டும் பொறுப்பு என்னிடம் வந்து சேர்ந்தது. யாழ்ப்பாணத்தையும் திருகோணமலையையும் பார்த்து முடித்திருந்த ஆசிரியை, "இங்கே மொழி சம்பந்தமாக ஏதாவது காட்டுங்கள் ஐயா" என்றார்.

கல்லடி உப்போடையில் விபுலாநந்த அடிகளாரின் சமாதியை வணங்கிவிட்டு, பாலத்தைக் கடந்து புளியந்தீவுக் கோட்டைக்குச் சென்றோம். 1628இல் போர்த்துக்கேயர் எழுப்பிய கோட்டை அது. பத்தே ஆண்டுகளில், 1638 மே மாதத்தில், கண்டி மன்னன் இரண்டாம் இராசசிங்கனோடு கைகோத்து வந்த ஒல்லாந்தர் அதைக் கைப்பற்றினர். பின்னாளில் நெடுங்காலம் கச்சேரி இயங்கியதும் அதற்குள்தான். பிள்ளைகள் வாவியைப் பின்னணியாக வைத்துப் படம் பிடித்துக்கொண்டார்கள். பீரங்கி, ஆண்டு, மன்னன் எதுவும் அவர்களைத் தொட்டதாகத் தெரியவில்லை. அந்த வயதில் எனக்கும் தொட்டிருக்காது.

நிலைமை மாறியது ஒரு கதிரையால். களைத்துப்போன சிறுமியொருத்தி, "அங்கிள், நாற்காலி இருக்கிறதா?" என்று கேட்டாள். வீட்டில் அம்மம்மா எப்படிச் சொல்வார் என்று கேட்டேன். சற்று வெட்கத்தோடு "கதிரை" என்றாள். அது பிழையான சொல் என்றும் பாடநூலில் உள்ளதே சரி என்றும் எண்ணியிருந்தாளாம். கதிரை இந்தக் கோட்டையைக் கட்டியவர்களின் சொல் என்றேன். வாங்கு, சப்பாத்து, துவாய், பாண், லேஞ்சி, அலவாங்கு எல்லாம் அவர்கள் விட்டுச் சென்றவை. கொப்பிகள் வெளியே வந்தன. தமிழகத்தார் போர்த்துக்கேயச் சொல்லான சாவியைக் கையில் வைத்திருக்க, நாம் திறப்பு என்று தூய தமிழில் சொல்கிறோம்; கதிரையில் நாம் அமர்ந்திருக்க, அவர்கள் நாற்காலியில் இருக்கிறார்கள். யாருடைய தமிழ் சுத்தம் என்ற வழக்கை அவர்களே நடத்தட்டும் என்று விட்டுவிட்டேன்.

சொற்கள் மட்டுமா எஞ்சின? மொழியே எஞ்சியிருக்கிறது. 1658இல் போர்த்துக்கேயர் ஆட்சி இலங்கையில் முற்றாக முடிந்தது. அதன் பின்னர் தாய்நாட்டுத் தொடர்பு அற்றுப்போன நிலையிலும் பறங்கியர் வீடுகளில் அந்தப் பேச்சு முந்நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாக வாழ்ந்திருக்கிறது. 1970களில் இயன் சிமித் என்ற மொழியியலாளர் இங்கு வந்து அதை ஆராய்ந்தார். அண்மைக் காலத்தில் இலிஸ்பன் பல்கலைக்கழகத்தின் ஊகோ கார்டோசோ குழுவினர் ஒலியும் ஒளியுமாகப் பதிந்து வைத்துள்ளனர். தமிழோடு கூடி வாழ்ந்ததில் அதன் இலக்கணமே நம் பக்கம் சாய்ந்துவிட்டது. வினைச்சொல் வாக்கியத்தின் இறுதிக்கு வந்துவிட்டது. பெயருக்கு முன்னே நிற்கவேண்டியவை வேற்றுமை உருபுகள்போல் பின்னே ஒட்டிக்கொண்டன. சொற்கள் ஐரோப்பாவில் பிறந்தவை, நடை மட்டக்களப்பு நடை.

எனக்குப் பழக்கமான முதிய பறங்கித் தச்சர் ஒருவரின் பட்டறைக்குப் பிள்ளைகளைக் கூட்டிச் சென்றேன். தச்சும் கொல்லும் அச்சமூகத்தாரின் பரம்பரைத் தொழில்கள். மரத்தூளைத் தட்டிவிட்டுத் தம் மொழியில் சிறிது நேரம் பேசினார். பிள்ளைகளுக்கு ஒன்றும் விளங்கவில்லை, ஆனாலும் ஆடாமல் அசையாமல் கேட்டார்கள். நாற்காலி கேட்ட அதே சிறுமி, "உங்கள் பேரப்பிள்ளைகள் இதைப் பேசுவார்களா?" என்றாள்.

"நாம சொன்னா விளங்கும் புள்ள. மறுமொழி தமிழிலதான் வரும்."

பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தங்கள் வீடுகளில் தமிழில் கேட்கும் தாய்தந்தையருக்கு அவர்கள் எந்த மொழியில் மறுமொழி சொல்கிறார்கள் என்பதை நான் கேட்கவில்லை. ஆசிரியை தலையைக் குனிந்திருந்தார். அவுஸ்திரேலியாவுக்குப் போனவர்கள் போக, 2004 ஆழிப்பேரலை டச்பாரில் கொண்டுபோனவர்களும் போக, தம்மோடு அந்த மொழியில் சண்டை பிடிக்கவே ஆள் குறைந்துவிட்டது என்றார் தச்சர். மொழிக்காகத் தம் ஆயுளில் பாதியைச் செலவிட்டதாக எண்ணிக்கொள்ளும் எனக்கு, நகருக்குள்ளேயே நடந்த இந்தச் சுருக்கத்தைப் பற்றி நம் பத்திரிகைகள் எத்தனை பத்தி எழுதின என்ற கணக்கு மனதில் ஓடியது. அது பெரிய கணக்கு அல்ல. நம் மொழிக்கு நேர்ந்ததைப் பேசவே நமக்கு இடம் போதாமல் இருந்தது என்பது உண்மைதான். அது முழுக் காரணமும் ஆகாது.

மாலையில் வாவிக்கரையில் அமர்ந்து பிள்ளைகள் தாங்கள் சேர்த்த சொற்களை வாசித்தார்கள். முப்பத்தொன்று இருந்தன. கந்தோரையும் லாச்சியையும் அடித்து, அவை ஒல்லாந்தர் கணக்கில் சேரவேண்டியவை என்று திருத்தினேன். கடைசி வாங்கிலிருந்து ஒரு பையன் கக்கூசு யாருடையது என்று கேட்டான். அதுவும் ஒல்லாந்தருடையதுதான் என்றதும் எழுந்த சிரிப்பில், கரையோரம் நின்ற கொக்குகள் இரண்டு பறந்துபோயின.