கடாரத்துப் படை, மைலோ டின்னில்

பாடாங் மேஹாவுக்கு எப்போது போனாலும் என் கண் முதலில் தரையைத்தான் தேடும், ரப்பர் கொட்டைக்காக. கெடாவில் கூலிம் மாவட்டத்துத் தோட்டப் பக்கம் இது. இப்போது எங்கு பார்த்தாலும் செம்பனை. ஆனாலும் மாமா வீட்டுக்குத் திரும்பும் மண் பாதையில் பழைய பால்மரங்கள் நாலைந்து நிற்கின்றன. அங்கே காரை நிறுத்தாமல் போனதில்லை.

அந்தக் கொட்டைகள்தாம் எங்கள் பீரங்கிக் குண்டுகள்.

பள்ளி விடுமுறைக்குக் கோலாலம்பூரிலிருந்து வருவேன். மாமா மகன் பாசார் மாலாமில் வாங்கிய பச்சை பிளாஸ்டிக் சிப்பாய்களோடு காத்திருப்பான். லயத்து வாசலில் இருந்த கரையான் புற்று எங்களுக்கு ஜெராய் மலை. முன்னால் ஓடிய கால்வாய் கடல். நாட்டின் பெயர் கடாரம். 1025இல் ராஜேந்திர சோழனின் கப்பற்படை தாக்கிய கடாரம் நம் கெடாதான் என்று தமிழ்ப்பள்ளி ஆசிரியர் அவனுக்குச் சொல்லியிருந்தார். சோழ வீரன் கையில் எப்படி இயந்திரத் துப்பாக்கி வந்தது என்று நாங்கள் ஒரு நாளும் கேட்டதில்லை.

அவன் எப்போதும் கடாரத்து ராஜா. “நான் இங்கேயே இருக்கிறவன். நீதான் வந்தவ” என்பான். அதற்காக நான் அழுதும் இருக்கிறேன்.

சிப்பாய் ஒரு முறைக்கு ஒரு சாண் நகரலாம். தீப்பெட்டிக் கப்பல் இரண்டு சாண். கொட்டையைச் சுண்டிவிட, பட்டு விழுந்தவன் செத்தான். இவ்வளவுதான் விதி. ஊடகக் கல்வி படித்தபோது, 1938இல் அமெரிக்காவைக் கலக்கிய ‘வார் ஆஃப் த வேர்ல்ட்ஸ்’ வானொலி நாடகம் எங்களுக்குப் பாடம். மூலக்கதை எழுதிய எச்.ஜி. வெல்ஸ் வேறென்ன எழுதினார் என்று தேடியதில், 1913இல் வந்த ‘லிட்டில் வார்ஸ்’ கிடைத்தது. பொம்மைச் சிப்பாய்களுக்கான போர் விதிகள்! காலாள் ஓரடி, குதிரை இரண்டடி. பொம்மைப் பீரங்கியின் மரக்குச்சி பட்டு விழுந்தவன் செத்தான். உண்மைப் போர் எவ்வளவு மடத்தனம் என்று புரிய இந்த ஆட்டமே போதும் என்பது அவர் வாதம். அடுத்த ஆண்டே முதல் உலகப் போர் வந்துவிட்டது. இன்று கோலாலம்பூர்க் கடைகளில் இளைஞர்கள் வர்ணம் தீட்டிய வீரர்களோடு ஆடும் வார்ஹாமரும் 1983இல் பிரிட்டனில் பிறந்ததுதான்.

ஆனால் பாட்டியின் விதி இவற்றில் எதிலும் இல்லை.

பொழுது சாய்ந்தால் பாட்டி மைலோ டின்னோடு வருவார். “எண்ணிப் போடுங்க. செத்தவனையும் சேர்த்துத்தான்.” மொத்தம் இருபத்து நான்கு பேர். ஒருவன் குறைந்தாலும் சோறு கிடையாது. டார்ச் லைட்டோடு கால்வாயில் இறங்க வேண்டியதுதான். சுத்தம் பார்க்கிறார் என்றே நினைத்திருந்தோம்.

வானொலியில் சேர்ந்தபின் ஒருமுறை ஒலிப்பதிவுக் கருவியோடு வந்து அவரைப் பேசச் சொன்னேன். சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட, ஜப்பானியர் மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோன பல்லாயிரம் தமிழர்களில் பாட்டியின் அப்பாவும் ஒருவர். 1943. பாட்டிக்கு அப்போது எட்டு வயது.

“லாரியில ஏத்துறப்ப எண்ணித்தான்மா ஏத்துனானுங்க. திரும்பி வர்றப்ப எண்ண ஆளில்ல.”

அந்த ஒலிப்பதிவை நான் இன்னும் ஒலிபரப்பவில்லை. ஏன் என்று கேட்டால் சரியான பதில் இல்லை.

பாட்டி இப்போது இல்லை. லயம் இருந்த இடத்தில் புல். மாமா மகன் கூலிமில் தொழிற்சாலை வேலை பார்க்கிறான். போன மாதம் போனபோது அவனும் ஏழு வயது மகளும் மாமா வீட்டு முற்றத்தில் அதே டின்னைக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். குழந்தை எனக்குச் சோழப் படையைக் கொடுத்தாள்.

இருட்டியதும் எண்ணினோம். இருபத்து மூன்று. “நாளைக்குத் தேடலாம்” என்றேன். அவள் டின்னை மூடவே விடவில்லை. அவளுடைய அப்பா கைபேசி வெளிச்சத்தோடு பூந்தொட்டிகளை ஒவ்வொன்றாக நகர்த்த ஆரம்பித்தான். உள்ளே மாமி சாப்பிடக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்.