மலையடிவாரத்தில் கற்ற பாடம்

நம் பங்கைச் சேர்ந்த ஒரு குடும்பத்தார் குன்றின் சரிவில் மனை வாங்கியிருந்தனர். "சாமி, அடிக்கல்லை நீங்கள்தாம் மந்திரித்து வைக்க வேண்டும்" என்று அழைத்தனர். மனை மலிவாய்க் கிடைத்ததாம். மலிவுக்குக் காரணம் யாதென எவரும் கேட்டிலர். நமக்கோ திருவண்ணாமலை நினைவுக்கு வந்தது. குடும்பத் தலைவரை உடன் அழைத்துக்கொண்டு ஒருநாள் அங்குச் சென்றோம்.

ரமணாசிரமத்தின் பின்புறமிருந்து ஸ்கந்தாசிரமம் செல்லும் கற்பாதையில் ஏறினோம். 1896-இல் இளைஞராய் வந்த ரமணர் தம் வாழ்நாள் முழுதும் தங்கிவிட்ட மலை இது. உயரம் சுமார் 800 மீட்டர். பெரும்பாலும் புல்லும் பாறையுமாய் நின்ற இச்சரிவுகளில் அன்பர் பலர் பல்லாண்டுகளாய் மரக்கன்றுகளை நட்டு வளர்த்துள்ளனர். கோடையில் காய்ந்த புல்லில் தீப்பற்றினால் அவ்வுழைப்பெல்லாம் ஒரே இரவில் கருகிவிடும். மரநிழலில் சருகை விலக்கிப் பார்த்தோம், கீழே ஈரமண். சற்றுத் தள்ளி, மரமற்ற இடத்தில் சரளைக்கல்லே எஞ்சியிருந்தது.

பின்னர் நகரை நோக்கிய சரிவின் அடியிலுள்ள வ.உ.சி. நகருக்குச் சென்றோம். 2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கருகே கரையைக் கடந்தது. மறுநாள் மாலை, பெருமழையில் மலையிலிருந்து மண்ணும் பாறையும் சரிந்து ஒரு வீட்டைப் புதைத்தன. எழுவர் மாண்டனர், அவருள் ஐவர் சிறுவர். நம் நண்பர் நெடுநேரம் பேசவில்லை.

மண் அரிப்பு துகள் துகளாய் நிகழ்வது; நிலச்சரிவு ஒரே கணத்தில் நிகழ்வது. ஆயினும் இரண்டிற்கும் சரிவும் நீரும் வெறுந்தரையும் துணை. அரிப்பு அபாயத்தை வரைபடமாக்குவோர் மழையின் வேகம், மண்ணின் தன்மை, சரிவின் நீளமும் செங்குத்தும், தாவரப் போர்வை, வரப்பு முதலிய காப்புமுறை ஆகியவற்றைத் தனித்தனியே கணித்து, ஒன்றன்மேல் ஒன்றாய் வைத்துப் பார்க்கின்றனர். யாவும் பாதகமாய் அமையும் இடமே சிவப்பு. இந்தியப் புவியியல் ஆய்வுத்துறை 2014-இல் தொடங்கிய நிலச்சரிவு அபாய வரைபடப் பணியின் அளவு 1:50,000. அதில் பத்து மீட்டர் அகல வீடு ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கே! வரைபடம் மலைச்சரிவை எச்சரிக்குமேயன்றி, நம் வாசலைக் காட்டாது. அதனை நாமே நடந்து பார்க்க வேண்டும்.

திரும்பியதும், ஒரு மழைநாளில் அம்மனையைக் குடும்பத்தோடு சுற்றி நடந்தோம். மேலிருந்து வந்த செந்நீர், அடிக்கல்லுக்குக் குறித்திருந்த இடத்தின் வழியே ஓடிற்று. அது பழைய ஓடைத்தடம். வீட்டுப் பெரியம்மாள் குடையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, "இது தண்ணியோட வீடு சாமி, நம்ம வீடில்ல" என்றார்.

அன்று நாம் எதையும் மந்திரிக்கவில்லை. ஊருக்குள் சிறியதொரு மனையைத் தேடுகின்றனர். கடனும் கூடும். வாசகர்களே, உங்கள் மனையையும் ஒருமுறை மழையில் சென்று பாருங்கள்.