வரிசை போயிற்று, விலை போகவில்லை! கொழும்பு புறக்கோட்டையில் ஒரு தேர்தல் காலம்

கொழும்புக் கோட்டை ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் முதலில் கண்ணில் படுவது கர்னல் ஆல்காட்டின் சிலை. அதைத் தாண்டிச் சாலையைக் கடந்தால் வேறு உலகம். அதுதான் புறக்கோட்டை. ஆங்கிலத்தில் 'பெட்டா' என்பார்கள். அந்தப் பெயரே நம் 'பேட்டை'யிலிருந்து போனதுதான் என்று சொல்வதுண்டு. சென்னைவாசிகளுக்குச் சட்டென்று புரிய வேண்டுமென்றால், பாரிமுனையையும் பழைய கொத்தவால் சாவடியையும் சேர்த்துக் கடலோரத்தில் வைத்ததுபோல ஓர் இடம். கொத்தவால் சாவடி கோயம்பேட்டுக்குப் போனதுபோலவே, இங்கிருந்த மெனிங் காய்கறிச் சந்தையும் சில ஆண்டுகளுக்கு முன் பேலியகொடைக்குப் போய்விட்டது. அரிசி, பருப்பு, வெங்காயம், துணி, தங்கம் எல்லாம் இன்னும் இங்கேதான்.

கான் மணிக்கூட்டைக் கடந்து மெயின் வீதிக்குள் நுழைந்தால் நடப்பதற்கே வழியிருக்காது. எதிரே பாரம் ஏற்றிய கைவண்டி வரும். வண்டிக்காரர் ஒரு குரல் கொடுப்பார். உடனே ஒதுங்கிவிட வேண்டும். இந்தச் சுமை தூக்கும் தொழிலாளிக்கு இங்கே 'நாட்டாமை' என்று பெயர். தமிழ்நாட்டிலிருந்து போகிறவர்கள் சொம்பும் ஆலமரமும் நினைவுக்கு வந்து சிரித்துவிடுவார்கள். இங்குள்ள நாட்டாமை தீர்ப்புச் சொல்வதில்லை, மூட்டைதான் சுமக்கிறார். ஆனால், ஊரில் வியாபாரம் எப்படி நடக்கிறது என்பதை முதலில் தெரிந்துகொள்வது அவருடைய முதுகுதான். மூட்டை குறைந்தால் அவருக்குக் கூலி குறையும். அதற்கு அடுத்த மாதப் புள்ளிவிவரம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

2024 செப்டம்பரில் இந்தத் தெருக்களின் சுவர்களை எல்லாம் தேர்தல் சுவரொட்டிகள் நிறைத்திருந்தன. செப்டம்பர் 21-ம் தேதி ஜனாதிபதித் தேர்தல். வாக்குச் சீட்டில் 38 பேர் போட்டியிட்டாலே நீளமாக இருக்கும். இதில் 39 பெயர்கள். 2022-ல் நாடு நொடித்துப்போன பிறகு மக்கள் வாக்களிக்கப்போகும் முதல் தேர்தல் அது. 2023 மார்ச்சில் நடக்கவேண்டிய உள்ளூராட்சித் தேர்தலைக்கூடப் பணமில்லை என்று தள்ளிவைத்துவிட்டார்கள்.

'பொருளாதாரம் தேறிவிட்டதா?' இந்தக் கேள்விதான் அப்போது தொலைக்காட்சியிலும் மேடைகளிலும் ஓடிக்கொண்டிருந்தது. புறக்கோட்டையில் அந்தக் கேள்விக்கு ஒரு சின்னமே இருந்தது. அது காஸ் சிலிண்டர்.

அப்போதைய ஜனாதிபதி ரணில் விக்ரமசிங்க சுயேச்சையாகப் போட்டியிட்டார். அவர் தேர்ந்துகொண்ட சின்னம் அதுதான். இலங்கைக் குடும்பங்களுக்கு அந்தப் படம் எதை நினைவூட்டும் என்பது அடுத்த நாட்டில் இருப்பவர்களுக்கு எளிதில் விளங்காது.

2022-ன் முதல் பாதியில் இதே கொழும்பில் காலி சிலிண்டர்களைச் சங்கிலி போட்டுக் கட்டி, நாள் கணக்கில் தெருவில் வரிசை வைத்தார்கள். கிடைக்காதவர்கள் விறகு தேடினார்கள். மாடிக் குடியிருப்புகளில் விறகடுப்பு புகைந்தது. மண்ணெண்ணெய்க்கு ஒரு வரிசை, பெட்ரோலுக்கு இன்னொரு வரிசை. எரிபொருள் வரிசையில் நின்றபடியே முதியவர்கள் சிலர் இறந்துபோனார்கள். மார்ச் இறுதியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் மின்சாரம் இல்லை. காகிதத் தட்டுப்பாட்டால் மேல் மாகாணத்தில் பள்ளித் தேர்வுகளே தள்ளிப்போயின. ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அரசு கைவிரித்தது. ஜூலையில் மக்கள் ஜனாதிபதி மாளிகைக்குள் புகுந்தார்கள். கோத்தபய ராஜபக்ச நாட்டை விட்டுப் போனார். அந்த இடத்துக்கு ரணிலைக் கொண்டுவந்தது மக்களின் வாக்கு அல்ல. நாடாளுமன்றத்தில் விழுந்த 134 வாக்குகள்.

அதன் பிறகு நிலைமை மாறியது உண்மை. கியூ.ஆர். குறியீட்டைக் காட்டி வாரத்துக்கு இத்தனை லிட்டர் என்று பெட்ரோல் வாங்கிய முறை 2023 செப்டம்பரில் முடிவுக்கு வந்தது. சர்வதேச நாணய நிதியம் 2023 மார்ச்சில் சுமார் 300 கோடி டாலர் கடனுக்கு ஒப்புக்கொண்டது. டாலருக்கு 360 ரூபாய்வரை சரிந்த இலங்கை ரூபாய், 300-க்கு வந்து நின்றது. (இந்திய 1 ரூபாய்க்கு அப்போது சுமார் 3.60 இலங்கை ரூபாய். இங்கே வரும் விலைகள் எல்லாம் இலங்கை ரூபாயில்தான்.) வரிசைகளை ஒழித்தவர் என்பதுதான் ரணிலின் பெரிய பிரசாரம். 'இயலும் ஸ்ரீலங்கா' என்பது கோஷம். அதைப் பொய் என்று ஒதுக்கிவிட முடியாது. வரிசையில் நின்றவர்களுக்கு, வரிசை இல்லாத காலை எவ்வளவு பெரிய நிம்மதி என்று தெரியும்.

சரி, சிலிண்டர் கிடைக்கிறது. விலை என்ன?

2021 செப்டம்பர்வரை 12.5 கிலோ சிலிண்டர் 1,500 ரூபாய்க்கும் கொஞ்சம் குறைவு. 2022 நடுவில் கிட்டத்தட்ட 4,900. 2024 தேர்தல் நேரத்தில் 3,690. மேடையில் பேசுகிறவர் 4,900-லிருந்து கணக்கைத் தொடங்குவார்: 1,200 ரூபாய் இறக்கிவிட்டோம்! வீட்டில் அடுப்பைப் பார்க்கிறவர் 1,500-லிருந்து தொடங்குவார்: இன்னும் 2,200 ரூபாய் கூடுதல். இரண்டு கணக்கும் சரியானவைதான். ஆனால், சம்பளம் எந்தக் கணக்கோடு வந்து சேர்கிறது என்பதுதான் விஷயம்.

நான்காம் குறுக்குத் தெருவில் இந்தக் கணக்கை இன்னும் பச்சையாகப் பார்க்கலாம். வெங்காயமும் உருளைக்கிழங்கும் பருப்பும் செத்தல் மிளகாயும் மூட்டை மூட்டையாக இறங்கும் மொத்த வியாபாரத் தெரு இது. (செத்தல் என்றால் காய்ந்த மிளகாய்.) பருப்பும் வெங்காயமும் பெரும்பாலும் கப்பலில் வருபவை. டாலர் ஏறியபோது இந்தத் தெருவில்தான் முதலில் விலை ஏறியது. 2022 செப்டம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைக் குறியீட்டின்படி பணவீக்கம் 69.8 சதவீதம். உணவுக்கு மட்டும் 94.9 சதவீதம். அதாவது ஒரே ஆண்டில் சாப்பாட்டுச் செலவு ஏறக்குறைய இரட்டிப்பு.

2024 ஆகஸ்டில் அதே பணவீக்கம் 0.5 சதவீதம்தான். செய்தியில் கேட்டால் மகிழ்ச்சியாக இருக்கும். ஆனால், பணவீக்கம் குறைந்தது என்றால் விலை குறைந்தது என்று பொருள் இல்லை. விலை மேலே ஏறுவது நின்றது என்றுதான் பொருள். மாடிப்படியில் ஏறியவர் மேலேயே நின்றுவிட்டார். கீழே இறங்கி வரவில்லை. பொருளாதாரம் படித்தவர்கள் இந்த வேறுபாட்டை வகுப்பில் கற்றுக்கொள்கிறார்கள். இல்லத்தரசிகள் பருப்புக் கடையில் கற்றுக்கொள்கிறார்கள்.

வரியும் சும்மா இருக்கவில்லை. 2019 இறுதியில் 8 சதவீதமாகக் குறைக்கப்பட்ட வாட் வரி, 2024 ஜனவரி 1 முதல் 18 சதவீதம். மின் கட்டணம் 2022 ஆகஸ்டில் சராசரியாக 75 சதவீதமும், 2023 பிப்ரவரியில் மேலும் 66 சதவீதமும் ஏறியது. 2024 மார்ச்சிலும் ஜூலையிலும் இரண்டு முறை இறங்கியது. அதுவும் தேர்தல் ஆண்டில் என்பதை யாரும் கவனிக்காமல் இல்லை. அரசு ஊழியர்களுக்கு அந்த ஆண்டு வாழ்க்கைச் செலவுப் படியில் 10,000 ரூபாய் கூடியது. கைவண்டி தள்ளும் நாட்டாமைக்கோ நடைபாதையில் செருப்பு விற்பவருக்கோ படி கொடுக்க யார் இருக்கிறார்கள்? பரம ஏழைகளுக்கு 'அஸ்வெசும' என்ற உதவித்தொகை உண்டு. கொஞ்சம் மேலே இருந்து கீழே சறுக்கியவர்கள்தான் எந்தப் பட்டியலுக்கும் பிடிபடாமல் நின்றார்கள்.

நடந்து களைத்தவர்கள் டீக்கடையில் உட்காருவது வழக்கம். இலங்கையில் பால் தேநீர் என்றால் பெரும்பாலும் பால்மாவில், அதாவது பால் பவுடரில் போடுவது. அந்தப் பால்மாவும் கப்பலில்தான் வர வேண்டும். 2022 மார்ச்சில் ஒரு பால் தேநீர் 100 ரூபாய் என்று உணவக உரிமையாளர்கள் அறிவித்தபோது நாடே திடுக்கிட்டது. அன்றிலிருந்து பலர் 'பிளேன்டீ'க்கு மாறினார்கள். பால் இல்லாத கறுப்புத் தேநீர். பிள்ளைகளுக்கு மட்டும் பால், பெரியவர்களுக்குப் பிளேன்டீ என்று வீடுகளில் ஒரு சட்டமே வந்தது. இப்படி ஒரு முறை சுருக்கிய பழக்கம், விலை கொஞ்சம் இறங்கியவுடன் பழையபடி விரிந்துவிடாது. குடும்பங்கள் அவ்வளவு சீக்கிரம் நம்பிவிடுவதில்லை.

இலங்கை அரசின் புள்ளிவிவரத் திணைக்களமே 2023-ல் வீடு வீடாகக் கேட்டுப் பார்த்தது. நெருக்கடியால் வருமானம் குறைந்ததாகச் சொன்ன குடும்பங்கள் 60.5 சதவீதம். செலவு கூடியதாகச் சொன்னவை 91 சதவீதம். இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் விழுந்த பள்ளத்தை எப்படி நிரப்பினார்கள் என்று தெரிந்துகொள்ள, புறக்கோட்டையிலேயே இன்னொரு தெருவுக்குப் போக வேண்டும்.

செட்டியார் தெரு. சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை போட்ட சம்மாங்கோட்டார் பள்ளிவாசலைத் தாண்டிச் சற்று நடந்தால் வந்துவிடும். நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் வட்டிக்கடையும் வணிகமும் நடத்திய தெரு. பழைய கதிரேசன் கோயிலும் புதிய கதிரேசன் கோயிலும் இங்கேதான். ஆடிவேல் விழாத் தேர் புறப்படும் இடம். இரண்டு பக்கமும் நகைக்கடைகள். பலகைகளில் தமிழ் பளிச்சென்று இருக்கும். கடைக்காரர்கள் வெளியே வந்து 'வாங்க அக்கா, வாங்க' என்று கூப்பிடுவார்கள்.

நகைக்கடையில் கூட்டம் இருந்தால் ஊர் செழிப்பாக இருக்கிறது என்று நினைப்பது இயல்பு. இந்தத் தெருவில் அதை நம்பிவிடக்கூடாது. கல்யாணத்துக்கு வாங்க வருகிறவர்கள் ஒரு பக்கம். விற்க வருகிறவர்கள், அடகு வைக்க வருகிறவர்கள் இன்னொரு பக்கம். வாங்க வருகிறவர்கள் குடும்பமாக வருவார்கள், குரல் பெரிதாக இருக்கும். விற்க வருகிறவர் தனியாக வருவார். கைப்பையைத் திறக்குமுன் ஒரு முறை திரும்பிப் பார்ப்பார்.

நெருக்கடிக்கு முன் ஒரு பவுன் 1 லட்சம் ரூபாயை ஒட்டி இருந்தது. தேர்தல் சமயத்தில் 2 லட்சத்தை நெருங்கியது. வைத்திருந்தவருக்கு இது லாபம். 2022-ல் அரிசிக்கும் மருந்துக்கும் பள்ளிக் கட்டணத்துக்கும் வளையலை விற்றவருக்கு? அந்த வளையலைத் திரும்ப வாங்க, விற்ற காசைவிட அதிகம் வேண்டும். அடகு வைத்தவர் நிலைமையும் சுலபமில்லை. 2022 ஏப்ரலில் மத்திய வங்கி ஒரே நாளில் வட்டியை 7 சதவீதப் புள்ளிகள் உயர்த்தியது. நகையின் மதிப்பு ஏறும்போதே வட்டியும் ஏறியது. மூழ்கிப்போன நகைக்குப் பணவீக்கக் கணக்கில் இடமே கிடையாது. நாட்டின் வளர்ச்சி 2024-ன் இரண்டாம் காலாண்டில் 4.7 சதவீதம் என்று அறிவித்தார்கள். அந்தக் கணக்கு தயாரிப்பையும் விற்பனையையும் கூட்டுகிறது. ஒரு வீட்டின் இரும்புப் பெட்டி காலியானதைக் கழிப்பதில்லை.

தேறியதாக உணர்ந்தவர்களே இல்லை என்று சொன்னால் அது நியாயமில்லை. சுற்றுலாப் பயணிகள் திரும்பி வந்தார்கள்; ஹோட்டல்காரர்களும் ஆட்டோக்காரர்களும் மூச்சு விட்டார்கள். இறக்குமதி வியாபாரிகளுக்கு டாலர் கிடைத்தது. இன்று போட்ட விலை நாளைக்கும் நிற்கும் என்ற தைரியம் வந்தது. அடுக்குமாடிகளில் இருந்தவர்களுக்கு 2022 ஒரு கெட்ட கனவாக மாறத் தொடங்கியிருந்தது. ஆனால், அந்த நேரத்தில் நாட்டில் ஒரு வரிசை மிச்சம் இருந்தது. தேர்தலுக்கு முந்தைய வாரங்களில் பத்தரமுல்லையில் பாஸ்போர்ட் அலுவலகத்துக்கு முன்னால் விடிய விடிய ஆட்கள் நின்றார்கள். வெற்றுப் புத்தகங்கள் கையிருப்பில் இல்லை என்பது அரசு சொன்ன காரணம். அத்தனை பேர் ஏன் வந்தார்கள் என்பதற்குக் காரணம் வேறு. ஆண்டுக்குச் சுமார் 3 லட்சம் பேர் வேலை தேடி வெளிநாடு போய்க்கொண்டிருந்த காலம் அது. ஒரு வீட்டிலிருந்து மகன் கத்தாருக்கோ மகள் குவைத்துக்கோ போனால், அந்த வீடு பொருளாதாரத்தைப் பற்றித் தன் தீர்ப்பை ஏற்கெனவே எழுதிவிட்டது என்றுதான் கொள்ள வேண்டும்.

செப்டம்பர் 21 அன்று 79 சதவீதத்துக்கும் மேல் வாக்குப் பதிவானது. திசைகாட்டி சின்னத்தில் நின்ற அநுர குமார திசாநாயக்கவுக்கு 42.31 சதவீதம், 2019-ல் அவர் வாங்கியது 3.16 சதவீதம்தான். தொலைபேசி சின்னத்தில் நின்ற சஜித் பிரேமதாசவுக்கு 32.76. காஸ் சிலிண்டருக்கு 17.27, மூன்றாம் இடம். முதல் சுற்றில் யாருக்கும் பாதி கிடைக்காததால், இலங்கை வரலாற்றிலேயே முதல் முறையாக இரண்டாம் விருப்ப வாக்குகளை எண்ணினார்கள்.

ஊழல் மீதிருந்த கோபம், பழைய குடும்ப அரசியல் மீதிருந்த வெறுப்பு, இனப் பிரச்சினை என்று முடிவுக்குக் காரணங்கள் பல. சிலிண்டர் விலை மட்டுமே தீர்மானித்தது என்று எழுதினால் அது மிகை. என்றாலும், வரிசையை ஒழித்தவர் என்ற ஒரே அட்டையை நம்பி இறங்கியவருக்கு, நூற்றில் 17 பேர்தான் கை கொடுத்தார்கள். புதிய அரசும் நாணய நிதியத்தின் திட்டத்தைக் கைவிடவில்லை.

புறக்கோட்டைக்குப் போக விரும்புகிறவர்கள் காலை பத்து மணிக்குள் போய்விடுவது நல்லது. பிறகு வெயிலும் நெரிசலும் தாங்காது. பௌர்ணமி நாளைத் தவிர்க்க வேண்டும். 'போயா' விடுமுறை என்பதால் பல கடைகள் மூடியிருக்கும். ஞாயிறும் அப்படித்தான். செட்டியார் தெருவில் வாங்கும் எண்ணம் இல்லாவிட்டாலும் கதிரேசன் கோயில்களைப் பார்க்கலாம். திரும்பும் வழியில் ஏதாவது டீக்கடையில் உட்கார்ந்து, பக்கத்து மேசைகளில் எத்தனை கோப்பை பால் தேநீர், எத்தனை பிளேன்டீ என்று எண்ணிப் பாருங்கள்.