கீமோ ஏத்துறதுக்கு முன்னாடி

போன பதிவுல குறுவை நடவு பத்தித் தொடர்ந்து எழுதுறேன்னு சொல்லியிருந்தேன். அது அடுத்த வாரம். இன்னைக்கு வேற விஷயம். எங்க அக்கா மகன் சம்மதம் கொடுத்ததால எழுதுறேன். "பேரு மட்டும் போடாதீங்க மாமா"ன்னான். போடல.

டவுன்ல இருக்குறவங்களுக்கு முதல்ல ஒண்ணு சொல்லிடுறேன். எங்க ஊர்ல இப்போ பொலிகாளை கிடையாது. மாடு பருவத்துக்கு வந்து கத்துச்சுன்னா கால்நடை ஆஸ்பத்திரிக்கு ஓட்டிட்டுப் போவோம், இல்லன்னா ஆய்வாளருக்குப் போன் போடுவோம். அவர் கொண்டு வர்ற கேன் மூடியைத் திறந்தா வெள்ளையா புகை கிளம்பும். உள்ள இருக்குறது திரவ நைட்ரஜன், மைனஸ் 196 டிகிரி. அதுலேருந்து இடுக்கியால ஒரு குழலை எடுப்பார். பேனா ரீபிளை விட மெல்லிசு, கால் மில்லி பிடிக்கும். வெதுவெதுப்பான தண்ணியில அரை நிமிஷம் போட்டு எடுத்து மாட்டுக்குச் செலுத்துவார். சினை ஊசின்னு சொல்லுவோம். ஊட்டியிலயும் எங்க தஞ்சாவூர் பக்கத்து ஈச்சங்கோட்டையிலயும் இதுக்குன்னே அரசாங்கப் பண்ணை இருக்கு. முப்பது வருஷமா பார்க்குற வேலைதான். ஆனா இதே சங்கதி மனுஷனுக்கும் உண்டுன்னு மூணு வருஷத்துக்கு முன்னாடி வரைக்கும் எனக்குத் தெரியாது.

அப்போ அவனுக்கு இருபத்தி மூணு வயசு. டிப்ளமோ முடிச்சுட்டு ஒரு கம்பெனியில வேலை. அப்பா இல்லாத புள்ள, எதுன்னாலும் என்கிட்டதான் சொல்லுவான். இதை மட்டும் சொல்லல. விதையில ஒரு பக்கம் கல்லு மாதிரி கட்டி. வலி இல்ல. வலி இல்லாததால அஞ்சு மாசம் விட்டுட்டான். வெட்கம் வேற. யாருகிட்டப் போய் இதைச் சொல்லுவான்? கடைசியில ஒருநாள் மோட்டார் கொட்டகையில வச்சு, என் மூஞ்சியைப் பார்க்காம சொன்னான். மறுநாளே டவுனுக்குக் கூட்டிட்டுப் போயிட்டேன். ஸ்கேன், ரத்தப் பரிசோதனை எல்லாம் எடுத்தாங்க. புற்றுநோய்.

டாக்டர் நல்லவர். "பயப்படாதீங்க, வாலிபப் பசங்களுக்கு வர்றதுதான், பெரும்பாலும் குணமாயிடும். அந்த ஒரு பக்கத்தை எடுத்துடுவோம், அப்புறம் கீமோ"ன்னார். எழுந்திரிக்கப் போறப்ப உட்காரச் சொன்னார். "தம்பிக்குக் கல்யாணம் ஆகல இல்ல? ஆபரேஷனுக்கு முன்னாடி விந்துவை எடுத்து உறைய வச்சிடுங்க. ரெண்டு மூணு நாள் வேலை."

அவர் விளக்குனது எனக்குச் சட்டுனு புரிஞ்சுது. கீமோ மருந்து வேகமாப் பெருகுற செல்லைத் தேடி அடிக்கும். புற்றும் அப்படிப் பெருகுறது, தலைமுடி வேரும் அப்படி, விந்து உண்டாக்குற செல்லும் அப்படித்தான். களைக்கொல்லி அடிச்சா பக்கத்து உளுந்தும் கருகுற மாதிரி. சிலருக்கு ஒண்ணு ரெண்டு வருஷத்துல திரும்ப ஊறிடும். சிலருக்கு ஊறாமலே போயிடும். யாருக்கு எப்படின்னு முன்கூட்டிச் சொல்ல முடியாதாம். அதனால மருந்து உள்ள போறதுக்கு முன்னாடியே எடுத்து வச்சுடணும். மருந்து ஏற ஆரம்பிச்சுட்டா எடுக்குறதுலயும் பழுது இருக்கலாம்.

எங்க பக்கத்துத் தெருவுல ஒருத்தர் ஞாபகத்துக்கு வந்தார். இருபது வயசுல ரத்தப் புற்று வந்து பிழைச்சவர். கல்யாணமாகிப் பத்து வருஷத்துக்கு மேல ஆச்சு, குழந்தை இல்ல. ஊரு அந்தப் பொண்ணைத்தான் பேசுச்சு. சுத்தாத கோயில் இல்ல அது. அவருக்குத்தான் இல்லைன்னு பின்னாடி டெஸ்ட்டுல தெரிஞ்சுது. அன்னைக்கு வைத்தியம் பார்த்தவங்க யாரும் அவருகிட்ட ஒரு வார்த்தை சொல்லல.

சரி, அக்காகிட்ட யார் சொல்றது? தாய்மாமன் நான்தான் சொல்லணும். அடுப்படியில உட்கார்ந்து சொன்னேன். புரியல அவளுக்கு. எனக்குத் தெரிஞ்ச பாஷையில விளக்குனேன். "நம்ம செவலைக்குப் போட்டோமே சினை ஊசி, அதேதான்க்கா. அந்தக் காளை எங்க இருக்கோ, செத்தே போயிருக்கும். கன்னுக்குட்டி நம்ம வாசல்ல நிக்குதா இல்லையா?"

சொல்லி முடிச்சப்புறம்தான் என்ன சொன்னோம்னு உறைச்சுது. அக்கா கையில இருந்த கரண்டியைக் கீழ வச்சா. "ஏன்டா, என் புள்ள செத்துப்போன காளையா?"ன்னா. ராத்திரி முழுக்க அழுதா. காலையில அவளே வந்து, "விதைநெல்லை எடுத்து வச்சுட்டுத்தானே மிச்சத்தைத் திங்கிறோம். கூட்டிட்டுப் போ"ன்னா. நான் அதைச் சொல்லியிருக்கலாம்.

விந்து வங்கி திருச்சியில. எச்ஐவி, மஞ்சள் காமாலைக் கிருமின்னு முதல்ல ரத்தம் எடுத்தாங்க. அப்புறம் ஒரு பாரம். அவனே படிச்சான். படிச்சுட்டே வந்தவன் ஒரு இடத்துல நின்னுட்டான். வச்சவர் இறந்துட்டா அந்த மாதிரியை என்ன செய்யணும்னு கேட்டிருந்துச்சு. 2021-ல வந்த சட்டப்படி இதை எழுதி வாங்காம வைக்கக் கூடாதாம். நான் தலையைத் திருப்பிக்கிட்டேன். அவன் கொஞ்ச நேரம் யோசிச்சான். "நான் இருந்தாத்தான் மாமா அது. இல்லன்னா வேண்டாம்"னுட்டு, அழிச்சிடலாம்னு எழுதிக் கையெழுத்துப் போட்டான். இருபத்தி மூணு வயசுப் பையன்.

ஒரு தனி ரூம் கொடுத்தாங்க. மாமனும் மருமகனும் அன்னைக்குப் பட்ட கூச்சத்தை எழுத முடியாது. அவன் உள்ள போறப்ப நான், "டீ குடிச்சுட்டு வரேன்"னு கீழ இறங்கிட்டேன். மூணு டீ குடிச்சேன்.

ரிசல்ட்டுல எண்ணிக்கை கம்மின்னு வந்துச்சு. அவன் முகம் செத்துப்போச்சு. அந்த நோய் வந்தவங்க நிறையப் பேருக்கு வைத்தியத்துக்கு முன்னாடியே கம்மியாத்தான் இருக்கும்னு அங்கிருந்த டாக்டரம்மா சொன்னாங்க. இக்சின்னு ஒரு முறை இருக்காம். ஒரு கருமுட்டைக்கு ஒரே ஒரு உயிரணு இருந்தாப் போதும், அதை ஊசியால உள்ள வச்சிடுவாங்க. ரெண்டு நாள் விட்டு இன்னொரு தடவை எடுத்தோம். சின்னச் சின்னக் குப்பியாப் பிரிச்சு வச்சாங்க. எல்லாம் சேர்த்து ஒரு கறவை மாட்டு விலையில கால்வாசி கூட ஆகல. வருஷத்துக்கு ஒரு தடவை வாடகை கட்டணும்.

வந்தப்புறம் மகளை விட்டு நெட்ல தேடிப் படிக்கச் சொன்னேன். வெறுமனே உறைய வச்சா உள்ள இருக்குற தண்ணி ஐஸ் ஊசியாகி உயிரணுவைக் குத்திக் கொன்னுடும். கிளிசரின் சேர்த்தா பிழைக்கும்னு 1949-ல இங்கிலாந்துல கண்டுபிடிச்சிருக்காங்க. அதுவும் சேவல் விந்துவை வச்சுப் பார்க்குறப்போ. உறைய வச்ச மனுஷ விந்துவால கரு தங்குன சேதி 1953-லயே அமெரிக்காவுல வெளிவந்துடுச்சு. நான் பொறக்குறதுக்கு ரொம்ப வருஷம் முன்னாடி! அந்தப் பக்கத்துத் தெருக்காரருக்கு அது வந்து சேரல.

ஆபரேஷன் முடிஞ்சு மூணு சுத்து கீமோ. முடி கொட்டுச்சு, வாந்தி எடுத்தான், சோத்து வாசனையே ஆகல. இப்போ முடி அடர்த்தியா வந்துடுச்சு. ஸ்கேன் சுத்தமா இருக்கு. லீவுல வந்தா வரப்பு வெட்டுறான். அக்கா பொண்ணு பார்த்துக்கிட்டு இருக்கா. நோய் வந்த கதையைச் சொல்ல வேண்டாம்னு அவளுக்கு. சொல்லாமப் பண்ண மாட்டேன்னு அவனுக்கு. அவன் பேச்சுதான் ஜெயிச்சுது. ஒரு இடம் அதோட நின்னுபோச்சு. போகட்டும்.

படிக்கிற தம்பிங்களுக்கு ரெண்டே ரெண்டு. விதையில கட்டி தட்டுப்பட்டா, வலி இல்லைன்னாலும், அந்த வாரமே டாக்டர்கிட்டக் காட்டுங்க. புற்று எதுவா இருந்தாலும், கீமோவோ கதிர்வீச்சோ ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி, "டாக்டர், பின்னாடி குழந்தை பிறக்குறதுக்கு எடுத்து வைக்கணுமா?"ன்னு நீங்களே கேளுங்க. சொல்லுவாங்கன்னு காத்திருக்காதீங்க. வெட்கமா இருந்தா மாமனைக் கேட்கச் சொல்லுங்க. அதுக்குத்தான் மாமன்.

வருஷா வருஷம் தை மாசம் அந்த வங்கியிலேருந்து வாடகைக்கு மெசேஜ் வரும். அவன் கட்டிடுவான். இருந்தாலும் அறுப்பு முடிஞ்சு நெல்லு வித்த காசு கைக்கு வந்ததும் அக்கா எனக்குப் போன் போட்டுடுறா. "திருச்சிக்குக் கட்டியாச்சாடா?"