தேசிக்காயை எடுத்தாச்சா?

 

போன கிழமை தரம் பத்தில் ஒரு பிள்ளை எங்களிடம், "டீச்சர், நான் படத்துக்குக் கதை எழுதப்போறன்" என்றாள். பின் வாங்கில் ஒரே சிரிப்பு. "அது ஆம்பிளையளின்ர வேலை" என்றது ஒரு குரல். அவளுக்காகத்தான் இதை எழுதுகிறோம்.

இஸ்மத் சுக்தாய் என்று ஒருவர் இருந்தார். 1915இல் உத்தரப் பிரதேசத்துப் பதாயூனில் பிறந்த முஸ்லிம் பெண். எங்களைப் போல ஆசிரியைதான். பரேலியில் பெண்கள் பாடசாலை ஒன்றின் தலைமையாசிரியை, பிறகு பம்பாயில் பாடசாலைப் பரிசோதகர். உருதுவில் கதை எழுதினார். 1942இல் வந்த ஒரு கதை ஆபாசம் என்று லாகூர் நீதிமன்றத்துக்கு இழுத்தார்கள். மன்னிப்புக் கேட்க மறுத்தார். வழக்கிலும் வென்றார்.

கணவர் ஷாஹித் லத்தீஃப் இயக்கிய படங்களுக்கு இவர் கதை எழுதினார். 1948இல் 'ஜித்தி'. 1958இல் 'சோனே கி சிடியா': ஒரு நடிகை உழைக்க, உறவுகள் இருந்து சாப்பிடும் கதை.

எங்களை உலுக்கியது 1973இல் வந்த 'கர்ம் ஹவா'. இவருடைய அச்சேறாத கதை ஒன்றிலிருந்து கைஃபி ஆஸ்மியும் ஷமா ஸைதியும் திரைக்கதை எழுத, எம். எஸ். சத்யு இயக்கினார். பிரிவினைக்குப் பிறகு ஆக்ராவில் ஒரு முஸ்லிம் குடும்பம் பரம்பரை வீட்டை விடவேண்டி வருகிறது. வயதான தாய் வரமாட்டேன் என்று விறகுக்குள் போய் ஒளிகிறார். தூக்கிக்கொண்டுதான் போகிறார்கள். உயிர் பிரியும் நேரம், பல்லக்கில் வைத்து அதே வீட்டுக்குத் திரும்பக் கொண்டுவருகிறார்கள்.

அந்த இடத்தில் படத்தை நிறுத்திவிட்டோம்.

1990 ஒக்டோபர் 30. சோனகத் தெருவில் எங்களுக்குக் கிடைத்தது இரண்டு மணித்தியாலம். உம்மம்மா கொல்லையில் தேசிக்காய் காயப் போட்டிருந்தா. புத்தளத்து ஓலைக் கொட்டிலில் காய்ச்சல் வரும்போதெல்லாம், "மழை வருது, தேசிக்காயை எடுத்தாச்சா?" என்று கேட்பா. அங்கேயே மௌத்தானா. எங்களிடம் பல்லக்கு இருக்கவில்லை.

இங்கே படிப்பிக்க வந்த புதிதில், எங்கள் நோவுதான் பெரிதென்று இருந்தோம். சரியாக ஐந்து வருடம் கழித்து, அதே ஒக்டோபர் 30இல், வலிகாமத்துச் சனம் இரவோடிரவாகத் தென்மராட்சிக்கு நடந்ததைப் பெற்றோர் கூட்டத்துக்கு வந்த அம்மம்மாமார் சொல்லித்தான் விளங்கிக்கொண்டோம். அவிழ்த்துவிட்ட மாட்டை, பூட்டாமல் வந்த கதவை, அவர்களும் இன்னும் நினைக்கிறார்கள்.

இஸ்மத் எழுதியது பெரிய தலைவர்களின் கதையை இல்லை. வீட்டுக்குள் இருந்த பெண்கள் பேசியதைக் கேட்டு எழுதினார். அதற்கு ஆம்பிளை, பொம்பிளை என்று இல்லை. காது வேண்டும்.

ஆகவே மகள், இன்றைக்கே உங்கட அம்மம்மாவுக்குப் பக்கத்தில் போய் இருங்கோ. கேளுங்கோ, எழுதுங்கோ. சிரித்த தம்பிமாரும் எழுதலாம். உம்மம்மா இருக்கும்போது நாங்கள் கேட்காமல் விட்டுவிட்டோம். எங்களிடம் மிச்சம் இருப்பது அந்தத் தேசிக்காய் மட்டும்தான்.