காரத்தைத் தாண்டும் வாசனை

வீட்டில் சோப்பு செய்பவர்கள் வாசனைத் தைலத்தைக் கலவையில் சேர்ப்பது கடைசியில். ஆனால் முதலில் தேர்ந்தெடுப்பது பெரும்பாலும் அதைத்தான். கடையில் குப்பியைத் திறந்து முகர்ந்து பார்த்து, பிடித்ததை வாங்கி வருவது வழக்கம். இந்தச் சோதனையால் பெரிய பயன் இல்லை. குப்பிக்குள் இருக்கும் மணம் வேறு. காஸ்டிக் சோடாவோடு ஒரு நாளும் காற்றில் நான்கு முதல் ஆறு வாரமும் கிடந்தபின் கட்டியில் மிஞ்சும் மணம் வேறு.

ஒரு கிலோ தேங்காய் எண்ணெயை முழுவதும் சோப்பாக்க ஏறக்குறைய 183 கிராம் காஸ்டிக் சோடா வேண்டும். தோல் வறளாமல் இருக்கச் சிறிது எண்ணெய் மிஞ்சட்டும் என்று பலர் இதைக் குறைத்தே போடுவார்கள். சோடாவைத் தண்ணீரில் கரைத்து ஆறவிட்டு, எண்ணெயில் ஊற்றி அடித்தால் கலவை மோர்க்குழம்புப் பதத்துக்கு வரும். கரண்டியால் எடுத்து ஊற்றினால் மேலே கோடு விழும். 'ட்ரேஸ்' என்று சோப்பு செய்பவர்கள் சொல்லும் இந்த நிலையில்தான் தைலம் சேர்க்கப்படுகிறது. அந்த நேரத்தில் காஸ்டிக் சோடா என்ற காரத்தின் பெரும்பகுதி இன்னும் அப்படியே இருக்கும். அச்சில் ஊற்றியபின் வினை வேகம் பிடித்துக் கலவை தானாகவே சூடேறும். சில சமயம் 70 டிகிரி செல்சியஸைக்கூடத் தொடும். தைலம் பிழைக்க வேண்டியது இந்தக் காரத்திலும் சூட்டிலும்தான்.

தைலம் என்பது ஒரே பொருள் அல்ல, எளிதில் ஆவியாகும் பல வேதிப்பொருள்களின் கலவை. அதில் எது மிகுதி என்பதைப் பொறுத்தே அதன் கதி அமையும். லாவெண்டர் இதற்கு நல்ல உதாரணம். அதன் மென்மையான வாசனைக்குப் பெரிதும் காரணமான லினலைல் அசிடேட் ஓர் எஸ்டர். தேங்காய் எண்ணெயில் இருக்கும் கொழுப்பும் எஸ்டர்தான். எண்ணெயைச் சோப்பாக்கும் அதே வினை லாவெண்டர் மணத்தின் ஒரு பகுதியையும் உடைத்துவிடும். மிஞ்சுவது லினலூல். அதுவும் நல்ல வாசனைதான், ஆனால் குப்பியில் இருந்த லாவெண்டர் அல்ல.

ஆரஞ்சுத் தோல் எண்ணெயின் சிக்கல் வேறு. அதில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் லிமோனீன். சோப்பை வெட்டும் நாளில் வீடெல்லாம் ஆரஞ்சு மணக்கும். சோப்பு காய்ந்து முடிவதற்குள் பெரும்பாலும் போய்விடும். எலுமிச்சை மணம் வேண்டுபவர்கள் பழத்தைவிடப் புல்லை நம்பலாம். எலுமிச்சைப்புல் தைலத்தில் 70 சதவீதத்துக்கும் மேல் சிட்ரால். காரம் அதையும் கொஞ்சம் சிதைக்கும் என்றாலும் மிஞ்சுவது போதிய அளவு இருக்கும். சோப்புக்கு மெல்லிய மஞ்சள் நிறத்தையும் அது கொடுக்கும்.

நீலகிரித் தைலத்தில் முக்கியமான சினியோலைக் காரம் ஒன்றும் செய்வதில்லை. அதைக் கொண்டுபோவது காற்றுதான். ரோஜா மணத்துக்கு ஆசைப்படுபவர்களுக்குப் பாமரோசா கைகொடுக்கும். இந்தியாவில் விளையும் அந்தப் புல்லின் தைலத்தில் பெரும்பங்கு ஜெரானியால். அது ஆல்கஹால் வகை என்பதால் காரத்தில் எளிதில் உடையாது. அசல் ரோஜாத் தைலத்தைச் சோப்பில் ஊற்றுவது வீண் செலவு.

கிராம்புத் தைலம் தனியாகப் பேச வேண்டிய ஒன்று. அதில் ஏறக்குறைய 80 சதவீதம் இருக்கும் யூஜினால், ஃபீனால் வகையைச் சேர்ந்தது. அது காரத்தோடு நேரடியாகவே வினைபுரியும். நிதானமாகக் கெட்டியாகிக்கொண்டிருந்த கலவை சட்டென்று பாத்திரத்திலேயே இறுகிவிடும், நிறமும் பழுப்பேறும். கிராம்பு வேண்டுமென்றால் கொஞ்சமாக, மிக்சியையோ பிளெண்டரையோ நிறுத்திவிட்டு, கையால் கலக்க வேண்டும். பட்டையின் தைலம் இதே தொல்லையோடு தோலுக்கும் எரிச்சலூட்டும். அதை விட்டுவிடுவதே நல்லது.

கடைசிவரை நிற்பவை கனமான தைலங்கள். கடலூர் மாவட்டக் கடலோர மணல்நிலங்களில் விளையும் வெட்டிவேரின் தைலம் மெதுவாகவே ஆவியாகும், காரத்துக்கும் அஞ்சாது. வேரில் தைலம் குறைவு, காய்ச்சி இறக்கும் நேரமோ அதிகம். அதனால் விலை கூடும். சிறிதளவு சேர்த்தாலே போதும். கூடவே போடும் இலேசான மணங்களைச் சற்று நேரம் பிடித்துவைக்கும், அதற்குமேல் அதிசயம் எதுவும் நடக்காது. சந்தனமும் இந்த வகைதான். முதல் உலகப் போரில் ஐரோப்பாவுக்கான சந்தனக்கட்டை ஏற்றுமதி தடைபட்டபோது மைசூர் அரசு தொடங்கிய எண்ணெய் ஆலையிலிருந்துதான் புகழ்பெற்ற மைசூர் சாண்டல் சோப்பு பிறந்தது. இன்று அசல் சந்தன எண்ணெய் கிலோ லட்ச ரூபாயைத் தாண்டும். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் பெரிய குப்பியில் இருப்பது எதுவாக இருந்தாலும் சந்தன எண்ணெயாக இருக்காது.

மல்லிகையிலும் இதே கதைதான். காய்ச்சி இறக்கும் சூட்டை மல்லிகை தாங்காது. அதன் சாரத்தைக் கரைப்பான் கொண்டே பிரித்தெடுக்கிறார்கள். அந்தச் சாரமும் யானை விலை. மலிவான 'மல்லிகை எண்ணெய்' செயற்கை வாசனை. செயற்கை என்பதாலேயே அது தாழ்ந்ததல்ல. சோப்புக்கென்று தயாரித்தவை காரத்தில் தைலங்களைவிட நன்றாகவே நிற்கும். இயற்கை என்று அட்டையில் எழுதி விற்பதுதான் குற்றம்.

அளவைச் சொட்டுக் கணக்கில் வைக்காமல் தராசில் நிறுக்க வேண்டும். ஒரு கிலோ எண்ணெய்க்கு எல்லாத் தைலமும் சேர்ந்து 30 கிராம் என்பது பலரும் கொள்ளும் மேல்வரம்பு. தோலை உறுத்தும் தைலங்களுக்கு அது இன்னும் பல மடங்கு குறைய வேண்டும். கைக்குழந்தையின் சோப்பில் தைலமே வேண்டாம். நாள்பட்ட தைலத்தையும் தவிர்க்க வேண்டும்: லிமோனீனும் லினலூலும் காற்றுப்பட்டு ஆக்சிஜனேற்றம் அடைந்தால் ஒவ்வாமையைத் தூண்டும் பொருள்களாக மாறும். அடர்நிறக் கண்ணாடிக் குப்பியில், வெயில் படாத இடத்தில் வைத்தால் கூடுதல் காலம் தாங்கும். பிளாஸ்டிக்கைச் சில தைலங்கள் அரித்துவிடும்.

வெட்டிய கட்டிகளை இடைவெளிவிட்டு அடுக்கி நான்கு முதல் ஆறு வாரம் காயவிட வேண்டும். ஈரம் போவதற்கு அந்தக் காற்று தேவை, அதோடு கொஞ்சம் வாசனையும் போகத்தான் செய்யும். வேப்பெண்ணெய்ச் சோப்பை மட்டும் வேறு அறையில் காயவைப்பது நல்லது. அதன் நெடியை எந்தத் தைலமும் முழுதாக மறைப்பதில்லை. பக்கத்தில் இருக்கும் கட்டிகளிலும் அது ஏறிவிடும்.